லிஃப்ட் பழுதின்றி ஓடிய ஆண்டு

தினமும் காலை ஏழு மணிக்கு லிஃப்ட்காரர் லிஃப்டைத் துடைப்பார். முதலில் கதவு ஓடும் தடத்தில் சேர்ந்த மண்ணைப் பழைய பல் பிரஷ்ஷால் கிளறி எடுப்பார். பிறகு தரைக்கு ஈரத்துணி, கண்ணாடிக்குக் காய்ந்த துணி. பொத்தான்கள் ஆறையும் விரலில் துணி சுற்றிக்கொண்டு, குழந்தையின் காதைத் துடைப்பது மாதிரி ஒவ்வொன்றாகத் துடைப்பார். மூலையில் இருக்கும் முக்காலியை நேராக வைத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்துவார். அதோடு லிஃப்டுக்கு அன்றைய வேலை முடிந்தது. அது நின்று பதினான்கு மாதமாகிறது.

அரசு மருத்துவமனை அது. கீழ்த்தளத்துக்கு மேல் ஐந்து மாடிகள். எலும்பு முறிந்தவர்களை ஐந்தாவது மாடியில் வைக்கலாம் என்று யோசித்த மூளை எதுவோ தெரியாது. லிஃப்ட் ஓடும் என்ற தைரியத்தில் வைத்திருப்பார்கள். மாடிக்கு இருபத்திரண்டு படி. மொத்தம் நூற்றுப் பத்து. கேட்காமலே சொல்வார் லிஃப்ட்காரர்.

அவருக்கு வயது ஐம்பத்தொன்று. துணிக்கடையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவருக்கு இருபத்து மூன்று வயதில் இந்த வேலை கிடைத்தது. அதற்கு முன் அவர் லிஃப்டில் ஏறியதே இல்லை. நேர்முகத் தேர்வுக்கு நான்காவது மாடிக்கு வரச் சொன்னபோதுகூடப் படியேறித்தான் போனார். கல்யாணமான புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியைக் கூட்டிவந்து காட்டினார். அவள் பதினொரு தடவை மேலும் கீழும் போய்வந்துவிட்டு, "இதுக்கா உங்களுக்குச் சம்பளம் குடுக்குறாங்க?" என்றாள். அந்தக் கேள்வியை அவள் அப்புறமும் பல சந்தர்ப்பங்களில் கேட்டிருக்கிறாள். ஆனால் இந்தப் பதினான்கு மாதமாகக் கேட்கவில்லை.

லிஃப்ட் நின்ற அன்று பொறியியல் பிரிவிலிருந்து மூன்று பேர் வந்து மோட்டாரைக் கழற்றிப்போனார்கள். சுருள் கருகிவிட்டதாம். ஒரு வாரம் என்றார்கள். அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் என்றுதான் லிஃப்ட்காரர் ஸ்ட்ரெச்சருக்குக் கை கொடுத்தார். வார்டு உதவியாளர் ஒருவர் இருந்தார். ஆறடிக்கு மேல் உயரம், எல்லோருக்கும் அவர் நெட்டை. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் துணி வெளுப்பவர் இன்னொருவர். மூன்று பேர். நான்காவது கை நோயாளியோடு வந்த சொந்தக்காரருடையது. எந்தச் சொந்தமும் வராத நோயாளிக்கு, வாசலில் யார் சும்மா நிற்கிறார்களோ அவர்கள்.

ஏறும்போது நோயாளியின் தலை முன்னால் போக வேண்டும். கால்பக்கத்தைத் தோள் உயரத்துக்குத் தூக்கினால்தான் ஸ்ட்ரெச்சர் மட்டமாக நிற்கும். அதனால் நெட்டை எப்போதும் கீழ்ப்பக்கம். திருப்பத்தில் கைப்பிடிச் சுவருக்கு மேலாகக் காலைத் தூக்கித் திருப்ப வேண்டும். முதல் மாதத்தில் மூன்று பேருக்கும் உள்ளங்கை தோல் உரிந்தது. லிஃப்ட்காரரின் மனைவி வீட்டில் பள்ளிச் சீருடை தைப்பவள். தடித்த துணியை நாலு மடிப்பாக மடித்துத் தோளில் மாட்டிக்கொள்ளும் பட்டைகள் தைத்துக் கொடுத்தாள். பாரம் கையிலிருந்து தோளுக்கு மாறியது. பிறகு தோளிலிருந்து மெல்ல மெல்ல லிஃப்ட்காரரின் வலது முழங்காலுக்கு இறங்கியது. ஐந்தாவது மாடி எலும்பு மருத்துவர் படமெல்லாம் பார்த்துவிட்டு, "மாடிப்படி ஏறுறதை நிறுத்துங்க" என்றார். இந்த யோசனையைக் கேட்கவும் நூற்றுப் பத்து படி ஏற வேண்டியிருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றைய முதல் ஆள் ஒரு லாரி டிரைவர். தொடை எலும்பு முறிவு. ஆள் நல்ல கனம். கூட வந்த மச்சான் ஒல்லி.

"எத்தனாவது மாடிண்ணே?" என்றார் மச்சான், பட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டே.

"அஞ்சு."

"லிஃப்ட் இல்லையா?"

"நாங்கதான் லிஃப்ட்," என்றார் நெட்டை. "நீங்க அதுல நாலாவது கயிறு. அறுந்துடாதீங்க."

ஏறத் தொடங்கினார்கள். முதல் மாடித் தளத்தில் கால் வைத்ததும் லிஃப்ட்காரர் மூச்சு வாங்கிக்கொண்டே, "முதல் மாடி. கண், காது, தொண்டை," என்றார். இருபத்தெட்டு வருடப் பழக்கம். அவராலேயே நிறுத்த முடியவில்லை.

"இழுக்கல அண்ணே, கியரை மாத்துங்க," என்றார் லாரி டிரைவர் படுத்தபடி. வலியில் முகம் வேர்த்திருந்தாலும் வாய் ஓயவில்லை. "பத்து டன்னோட மலை ஏறினவன் நான். இப்ப என்னையே சரக்கா ஏத்துறாங்க."

"சரக்கு பேசக்கூடாது," என்றார் சலவைக்காரர்.

"ரெண்டாவது மாடி. பிரசவ வார்டு."

"நான் இங்க இறங்கலைண்ணே. எனக்கு இன்னும் நாள் இருக்கு."

நெட்டைக்குச் சிரிப்பு வந்து ஸ்ட்ரெச்சர் ஆடியது. மச்சான், "அத்தான், சும்மா இருங்க அத்தான்," என்று கெஞ்சினார்.

மூன்றாவது மாடியில் இறக்கி வைத்தார்கள். அங்கே ஒரு பெஞ்சை ஓரமாகப் போட்டுவைத்திருந்தார்கள், ஸ்ட்ரெச்சருக்காகவே. எதிரே ஜன்னல். ஜன்னல் முழுக்க, அரசு கட்டிவரும் கோபுரம். முந்நூறு அடி உயரம். உச்சியில் ஒரு வட்ட மண்டபம், அது மெதுவாகச் சுற்றும், அதில் உட்கார்ந்து நகரம் முழுவதையும் பார்க்கலாம் என்று சுவரொட்டிகள் சொல்லின. லிஃப்ட் நின்ற மாதம் அது முதல் தளத்தில் இருந்தது. இவர்கள் இந்த ஜன்னலில் மூச்சு வாங்க வாங்க அது வளர்ந்து, இப்போது கண்ணாடி பதிக்கும் கட்டத்துக்கு வந்திருந்தது.

லாரி டிரைவர் தலையைத் திருப்பிப் பார்த்தார். "அதுக்கு ஜல்லி ஏத்தினது நான்தான். நானூறு நடை."

"அங்கதான் அடிபட்டுச்சா?"

"சேச்சே. கோபுரத்துக்குப் போற ரோடு கண்ணாடி மாதிரி இருக்கும். அங்கிருந்து எங்க வீட்டுக்கு வர்ற ரோட்டுலதான் பள்ளம். சரக்கை இறக்கிட்டு, வண்டியை விட்டுட்டு, சைக்கிள்ல வந்தேன். விழுந்தேன்."

ஸ்ட்ரெச்சரைத் தூக்கினார்கள். "நாலாவது மாடி" என்றபோது லிஃப்ட்காரரின் குரல் பாதிதான் வெளியே வந்தது.

கீழே வந்ததும் அவர் பதிவேட்டைத் திறந்தார். லிஃப்ட் இயக்கப் பதிவேடு: தேதி, மேல்நோக்கிய பயணம், கீழ்நோக்கிய பயணம், பழுது ஏதேனும் இருப்பின் விவரம், இயக்குபவர் கையொப்பம். மேல்நோக்கிய பயணத்துக்கு நேரே ஒரு கோடு போட்டார்.

இது எப்படித் தொடங்கியது என்பதைச் சொல்ல வேண்டும். லிஃப்ட் நின்ற முதல் இரண்டு மாதம் பயணக் கட்டங்களை வெறுமையாக விட்டு, பழுதுக் கட்டத்தில் தினமும் 'ஓடவில்லை' என்று எழுதிவந்தார். வாரம் ஒருமுறை பதிவேட்டில் கையெழுத்துப் போடும் மேலாளர் ஒருநாள் கூப்பிட்டு, "ஏன்யா, பழுதுன்னு ஒருதடவை எழுதினா போதாதா? தினம் எழுதினா தினம் ஒரு பழுதுன்னு ஆயிடும். அப்புறம் பயணக் கட்டம் எல்லாம் காலியா இருந்தா, நீ என்ன வேலை பாத்தேன்னு தணிக்கையில கேப்பாங்க," என்றார். மேலாளர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. லிஃப்ட்காரரும் யோசித்தார். நோயாளி மேலே போனாரா? போனார். கொண்டுபோனது யார்? லிஃப்ட்காரர். அப்படியானால் அது பயணம்தானே? அன்றிலிருந்து தான் ஏறி இறங்கியதையெல்லாம் எழுதத் தொடங்கினார். ஸ்ட்ரெச்சர், ஆக்சிஜன் சிலிண்டர், மருந்துப் பெட்டி, சாப்பாட்டுத் தட்டு எல்லாம் சேர்ந்து நாளைக்குப் பதினெட்டு, இருபது. ஒன்றைக்கூடக் கூட்டி எழுதியதில்லை. முழங்கால் வலியால் குறைந்த நாளில் குறைத்துத்தான் எழுதினார்.

அன்று மாலை மேலாளர் ஓர் உத்தரவைக் கையில் கொடுத்தார். "அதிர்ஷ்டக்காரன்யா நீ."

வீட்டில் மனைவி தையல் இயந்திரத்தில் இருந்தாள். வாயில் குண்டூசிகள். லிஃப்ட்காரர் உத்தரவை நீட்டினார்.

"நீங்களே படிங்க, கை வேலையா இருக்கு."

கோபுரத்தில் இரண்டு கண்ணாடி லிஃப்டுகள். அவற்றில் ஒன்றை இயக்க அவரை அனுப்புகிறார்கள். திங்கட்கிழமை சேர வேண்டும். நீலச் சீருடை, குளிர்பதன வசதி, சுழல் நாற்காலி.

"நாற்காலியும் சுத்துமா? மேல மண்டபமும் சுத்துதுங்கிறாங்க. நீங்க வாந்தி எடுக்காம வீட்டுக்கு வந்தா சரி." இயந்திரத்தை நிறுத்திவிட்டாள். முகம் மலர்ந்திருந்தது. "படி ஏற வேண்டாமே?"

"ஒரு படிகூட இல்ல."

"அப்ப அந்த முழங்கால் எண்ணெய்க் குப்பியைத் தூக்கிப் போட்டுடலாம். தலையணை எல்லாம் அந்த வாசனை. ஏங்க உங்களைப் போய்த் தேர்ந்தெடுத்தாங்க? யாரையாவது பிடிச்சீங்களா?"

"நானா?" லிஃப்ட்காரர் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு மீதியைப் படித்தார். "'கடந்த ஓராண்டில் ஒருமுறைகூடப் பழுது ஏற்படாதவாறு, நாளொன்றுக்குச் சராசரியாக இருபது பயணங்கள் லிஃப்டைத் திறம்பட இயக்கியமையைக் கருத்தில் கொண்டு...'"

மனைவி அவசரமாக வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்து மேசையில் போட்டாள், விழுங்கிவிடக்கூடாதே என்று. பிறகு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். "ஓடாத லிஃப்டை ஓட்டினதுக்குப் பரிசா! இனிமே கோபுர லிஃப்டும் நின்னா உங்களை முதுகுல தூக்கிட்டுப் போகச் சொல்வாங்க."

லிஃப்ட்காரரும் சிரித்தார். கை கழுவப் போனவர் குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றார். ஒரு பழுதும் இல்லாமல் ஓடுகிறது என்று எழுதியிருக்கிறார்கள். இப்படி எழுதியவர்கள் அதை ஏன் பழுதுபார்க்கப் போகிறார்கள்?

"தண்ணி வீணாகுது," என்றாள் மனைவி உள்ளேயிருந்து.

மறுநாள் புதன்கிழமை. மதியம் பொறியியல் பிரிவுக்குப் போனார். அங்கே ஓர் எழுத்தர் கோப்பை எடுத்துப் பார்த்தார்.

"உங்க லிஃப்டா? அது ஓடுதே."

"ஓடலைங்க."

"புகார் வந்த மூணாவது மாசத்துலேர்ந்து பழுது எதுவும் பதிவாகலை. பயணமும் வந்திருக்கு. எங்க ஆளுங்க யாரோ மோட்டாரை மாட்டியிருப்பாங்கன்னு கோப்பை மூடிட்டோம்."

"மோட்டார் எங்க இருக்கு?"

"இருக்கும், பட்டறையில எங்கயாவது." எழுத்தர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "சரி, இப்ப ஓடலைன்னே வச்சுப்போம். கோபுரம் திறந்து முடியுறவரைக்கும் எல்லாத் துறையிலயும் பராமரிப்புச் செலவை நிறுத்தி வச்சிருக்காங்க. ஓடாத சாமான்னு பட்டியல் போட்டு வர்றதுக்கு மட்டும் விலக்கு. பட்டியல் வெள்ளிக்கிழமை மூடுறாங்க. அதுக்கப்புறம் அடுத்த வருஷம்தான்."

"நான் எழுதிக் குடுத்தா சேர்ப்பீங்களா?"

"நீங்க குடுத்தா எப்படி? உங்க மேலாளர் கையெழுத்தோட வரணும். அப்புறம் இன்னொண்ணு." குரலைத் தாழ்த்தினார். "ஓடலைன்னு எழுதினா, இந்த இருபது இருபது எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேப்பாங்க. பாத்துக்குங்க."

திரும்பி வந்தபோது ஐந்தாவது மாடிச் செவிலியர் படியில் எதிர்ப்பட்டார். உத்தரவு விஷயம் அதற்குள் மாடி மாடியாக ஏறியிருந்தது.

"நல்ல சேதி கேட்டேன். ரொம்பச் சந்தோஷம்," என்றார். "உங்க இடத்துக்கு யார் வர்றாங்க?"

"போட மாட்டாங்க சிஸ்டர். லிஃப்டுக்குத்தான் ஆளு. ஸ்ட்ரெச்சருக்கு இல்லையே."

"அப்ப ரெண்டு பேரு." செவிலியர் கையிலிருந்த ஊசித் தட்டைப் பார்த்தார். "ரெண்டு பேரால ஒண்ணும் பண்ண முடியாது. எலும்பு வார்டைத் தரைக்குக் கொண்டு வரச் சொல்லி நாலு தடவை எழுதிட்டேன். கீழே இடம் இல்லைங்கிறாங்க. நீங்க போங்க, அதுக்காக நீங்க என்ன பண்ணுவீங்க?" மனதாரத்தான் சொன்னார். சொல்லிவிட்டு அவருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார், முழங்காலுக்காக.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே லிஃப்ட்காரர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் ஒரு காலரைத் தைத்து முடித்தாள்.

"எழுதப் போறீங்களா?"

"ம்."

"திங்கட்கிழமை போய்ச் சேருங்க. ஒரு மாசம் கழிச்சு அங்க உக்காந்துகிட்டு எழுதுங்க. யார் வேணாங்கிறது?"

"பட்டியல் வெள்ளிக்கிழமையோட சரி."

"அந்த வெள்ளிக்கிழமைக்கு வேற ஆளே இல்லையா? அந்த ஆஸ்பத்திரியில எத்தனை டாக்டருங்க இருக்காங்க. அவங்க கண்ணுக்கு லிஃப்ட் நிக்கிறது தெரியாதா?"

"அவங்க எல்லாம் எழுதியிருக்காங்க. பொறியியல் பிரிவுல பதிவேட்டைப் பாத்துட்டு, ஓடுதேன்னு பதில் போட்டிருக்காங்க. என் எழுத்தை நான்தானே அடிக்கணும்?"

"நீங்க அடிப்பீங்க. அப்புறம் அவங்க உங்களை அடிப்பாங்க." அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "கல்யாணத்தன்னிக்கே எங்க அண்ணன் சொன்னான், இவரு வேலைக்குப் போற இடத்துல நாற்காலி கூடக் கிடையாதாம், முக்காலிதானாம்னு. இப்பத்தான் ஒரு நாற்காலி வந்துச்சு."

லிஃப்ட்காரர் முழங்காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டார். அவள் சிறிது நேரம் பார்த்திருந்துவிட்டு, குப்பியை வாங்கித் தானே தேய்த்துவிட்டாள், தேவைக்கு மேல் அழுத்தமாகவே.

வியாழக்கிழமை அவர் எழுதினார். ஒரு பக்கம்தான். லிஃப்ட் இன்ன தேதி முதல் ஓடவில்லை என்றும், அதற்குப் பிறகு பதிவேட்டில் உள்ள பயணங்கள் தானும் மற்றவர்களும் படிவழியாக ஏறி இறங்கியவை என்றும், அவற்றை லிஃப்டின் பயணமாகக் கொள்ளக்கூடாது என்றும் எழுதி, கீழே கையெழுத்திட்டார். நெட்டையிடம் படித்துக் காட்டினார்.

"என் பேரைப் போடாதீங்க," என்றார் நெட்டை உடனே. பிறகு, "வேணும்னா நெட்டைன்னு போடுங்க. யாருக்கும் தெரியாது," என்றார்.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு மேலாளர் அறைக்குப் போனார். மேலாளர் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"ஒரு வருஷமா அரசாங்கப் பதிவேட்டுல பொய் எழுதியிருக்கேன்னு நீயே எழுதிக் குடுக்குற."

"பொய் இல்ல சார். ஏறினது நெசம். எதுல ஏறினோம்னு அதுல கட்டம் இல்ல."

"வக்கீல் மாதிரி பேசாதய்யா." மேலாளர் பதிவேட்டை எடுத்துத் திருப்பினார். பக்கத்துக்குப் பக்கம், வாரத்துக்கு ஒன்றாக, பச்சை மையில் அவருடைய கையெழுத்து. "இது யாருது? என்னுது. அம்பத்தி ரெண்டு வாரம். தினமும் அந்தப் படியில நானும்தானே ஏறி வந்தேன்? ஏறி வந்து, உக்காந்து, லிஃப்ட் ஓடுதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். எனக்கு இன்னும் ஏழு மாசம் சர்வீஸ் இருக்கு."

"உங்களைப் பத்தி ஒரு வார்த்தை எழுதலை சார்."

"எழுத வேண்டாம். கையெழுத்தே பேசும்." மேலாளர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். "திங்கட்கிழமை நீ போயிடலாம். யாரும் உன்னை ஒண்ணும் கேக்கப் போறதில்ல. அங்க நாற்காலி இருக்கு. கால் நல்லாயிடும். இந்தத் தாள் என் கைக்கு வரவே இல்லைன்னு வச்சுக்கலாம். யோசி."

"யோசிச்சுட்டுத்தான் சார் வந்தேன்."

லிஃப்ட்காரர் சட்டைப் பையிலிருந்து கோபுர உத்தரவை எடுத்தார். நாலாக மடித்திருந்தது. விரித்து, மடிப்பை உள்ளங்கையால் நீவி, தன் கடிதத்துக்குப் பக்கத்தில் மேசைமேல் வைத்தார்.

"இதையும் வச்சுக்குங்க. அதுல எழுதியிருக்கிறது எனக்குப் பொருந்தலை."

மேலாளர் நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார். இரண்டு தாள்களையும் பார்த்தார். பேனாவைத் திறந்தார். கடிதத்தின் ஓரத்தில் கையெழுத்துப் போடும் இடத்தில் நுனியைக் கொண்டுபோய், தொடாமல் வைத்திருந்தார். பிறகு பேனாவை மூடினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் ஒரு பக்கத்தைத் துடைத்தார். அதே பக்கத்தையே மறுபடியும் துடைத்தார்.

"பொறியியல் பிரிவு அஞ்சு மணிக்கு மூடிடுவாங்க சார்," என்றார் லிஃப்ட்காரர்.

மேலாளர் கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

கதவை யாரோ தட்டினார்கள். நெட்டையின் குரல் வெளியிலிருந்து கேட்டது. "அண்ணே, வாசல்ல ஒரு அம்மா. இடுப்பு. கூட யாரும் இல்ல."

"இதோ வர்றேன்," என்றார் லிஃப்ட்காரர் கதவைப் பார்த்து. பிறகு மேசையைப் பார்த்துக் கேட்டார்: "இன்னிக்கே அனுப்பிடுவீங்களா சார்?"

மேலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மேசையில் இருந்த வேறொரு கோப்பைத் தன் பக்கம் இழுத்துத் திறந்தார். லிஃப்ட்காரர், ஒரு மாடி ஏறும் நேரம் இருக்கும், அங்கேயே நின்றார். பிறகு பட்டையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போனார்.